கடாரப் படையெடுப்பும் இம்ஜின் போரும்: மெய்க்கீர்த்தியைப் போர் வரலாறாக வாசித்தல்

முன்னுரை

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் அமைந்தது ஜுரு. அங்கிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயணம் செய்தால், பழங்கெடாவின் எச்சங்கள் நிறைந்த பூஜாங் பள்ளத்தாக்கை அடையலாம். ஜுருவுக்கு அண்மையிலுள்ள புக்கிட் மெர்தாஜாமில், செரோக் தோக் குன் என்னும் இடத்துப் பாறையில் பல்லவ எழுத்தை ஒத்த வரிவடிவில் அமைந்த வடமொழிக் கல்வெட்டொன்று இன்றும் காணப்படுகின்றது. அது முதலாம் இராசேந்திர சோழனுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. எனவே, இந்நிலப்பகுதிக்கும் தென்னிந்தியாவுக்கும் இடையிலான உறவு படையெடுப்பால் தோன்றியதன்று என்பது தெளிவு. ஆயினும், நம் வகுப்பறைகளிலும் மேடைகளிலும் அவ்வுறவின் தொடக்கமாகவும் உச்சமாகவும் பெரிதும் பேசப்படுவது 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடாரப் படையெடுப்பே ஆகும்.

அப்படையெடுப்பைப் பற்றி நாம் உண்மையில் என்ன அறிந்துள்ளோம்? அறிந்தவற்றை எத்தகைய சான்றுகளைக்கொண்டு அறிந்துள்ளோம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒப்பீட்டின் பொருட்டு, கடல் கடந்து நடத்தப்பட்ட மற்றொரு பெரும் படையெடுப்பாகிய, 1592 முதல் 1598 வரை ஜப்பான் கொரியாவின்மீது நடத்திய இம்ஜின் போரை எடுத்துக்கொள்கிறோம். இரண்டும் காலத்தாலும் அளவாலும் வேறுபட்டவை. எனினும், நன்கு ஆவணப்படுத்தப்பட்ட ஒரு போரை அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான் ஆவணம் குன்றிய போரைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்பது புலப்படும்.

இம்ஜின் போர்: இரு தரப்புச் சான்றுகள்

ஜப்பானை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த தொயோதோமி ஹிதெயோஷி, மிங் சீனத்தை வெல்லும் வேட்கையுடையவனாய் இருந்தான். 1591இல் கோவாவிலிருந்த போர்த்துக்கீசிய அரசப் பிரதிநிதிக்கு எழுதிய மடலிலும் அவ்வேட்கையை அவன் மறைக்கவில்லை. சீனத்துக்குச் செல்லக் கொரியா வழிவிட மறுத்தது. 1592 மே மாதத்தில் ஜப்பானியப் படை பூசான் துறைமுகத்தில் இறங்கியது. ஒன்பது பிரிவுகளில் ஏறத்தாழ 158,000 வீரர் இடம்பெற்ற அப்படை மூன்று வாரங்களுக்குள் தலைநகரைக் கைப்பற்றியது. மன்னன் சொன்ஜோ வடவெல்லை நோக்கி வெளியேறினான்.

நிலத்தில் வென்ற படை கடலில் தடுமாறியது. கொரியக் கடற்படைத் தளபதி யி சுன்-சின் 1592 ஆகஸ்டில் ஹன்சான் தீவருகே நடத்திய போரில் 73 ஜப்பானியக் கப்பல்களுள் 59 அழிந்தன அல்லது பிடிபட்டன. ஜப்பானியர் மேற்குக் கடல் வழியே வடக்கிலிருந்த படைக்கு உணவும் ஆயுதமும் அனுப்பும் திட்டம் இதனால் முறிந்தது. உள்நாட்டில் மக்கள் திரட்டிய தன்னார்வப் படைகளும் துறவியர் படைகளும் எதிர்த்தன. மிங் படை துணைக்கு வந்து 1593இன் தொடக்கத்தில் பியோங்யாங்கை மீட்டது. 1597இல் நிகழ்ந்த இரண்டாம் படையெடுப்பும், மறு ஆண்டில் ஹிதெயோஷி இறந்ததும் முடிவுக்கு வந்தது. இறுதிக் கடற்போரில் யி சுன்-சின் வீழ்ந்தார்.

இச்செய்திகளை வரிசைப்பட எழுத முடிவதற்குக் காரணம் சான்றுகளின் பன்மையே. யி சுன்-சின் எழுதிய போர் நாட்குறிப்பு நாள்தோறும் காற்று, மழை, கப்பல், நோய், தண்டனை ஆகியவற்றைப் பதிவு செய்கின்றது. அமைச்சர் யூ சொங்-ர்யோங் எழுதிய ‘சிங்பிரோக்’ அரசின் ஆயத்தமின்மையைத் திறனாய்ந்து, அத்தகைய நிலை மீண்டும் நேராதிருக்க எச்சரிக்கின்றது. சிறைப்பிடிக்கப்பட்டு ஜப்பானுக்குக் கொண்டு செல்லப்பட்ட அறிஞர் காங் ஹாங் தம் சிறைவாழ்வை எழுதினார். ஜப்பானியப் படையுடன் மருத்துவராகச் சென்ற கெய்நென் என்னும் பௌத்தத் துறவி, தம் தரப்பினர் செய்த எரியூட்டலையும் அடிமை வணிகத்தையும் அருவருப்புடன் குறித்து வைத்தார். கொல்லப்பட்டோரின் மூக்குகளை அறுத்து அனுப்பியமைக்கு வழங்கப்பட்ட பற்றுச்சீட்டுகளும் எஞ்சியுள்ளன. அவ்வுறுப்புகள் புதைக்கப்பட்ட மேடு கியோத்தோ நகரில் இன்றும் உள்ளது.

வென்றவன், தோற்றவன், சிறைப்பட்டவன், உடன் சென்றவன் ஆகிய நால்வரின் சொற்களும் நம்மிடம் உள்ளன. அவற்றை ஒன்றோடொன்று உரசிப் பார்க்க இயலும். போர் வரலாறு என்னும் துறை வேண்டுவது இத்தகைய உரசலையே.

மெய்க்கீர்த்தி கூறுவன

கடாரப் படையெடுப்புக்கு முதன்மைச் சான்று ‘திருமன்னி வளர’ எனத் தொடங்கும் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி ஆகும். இப்படையெடுப்புச் செய்தி அவனது 14ஆம் ஆட்சியாண்டிலிருந்து கல்வெட்டுகளில் இடம்பெறுவதால், நிகழ்ச்சியை 1025ஆம் ஆண்டளவில் வைப்பது அறிஞர் வழக்கம். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள 19ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அதன் நிறைவான வடிவத்தைத் தருகின்றது.

அது கூறும் செய்தியைச் சுருக்கின், கடல் நடுவே பல கலங்களைச் செலுத்திக் கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்க வர்மனை அவன் யானைகளுடன் பிடித்தமை, அவன் முறையாகச் சேர்த்து வைத்த பெருஞ்செல்வத்தைக் கவர்ந்தமை, அவன் நகர்வாயிலில் இருந்த வித்தியாதர தோரணத்தையும் மணிகள் பதித்த கதவுகளையும் கொண்டமை என அமையும். அதன்பின் சீவிசயம் தொடங்கிக் கடாரம் ஈறாக 13 இடங்கள் அடுக்கப்படுகின்றன. பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மானக்கவாரம் என்பன இடைப்பட்டவை. இவற்றுள் சீவிசயம் சுமாத்திராவின் பலெம்பாங் பகுதி, இலங்காசோகம் பட்டானிப் பகுதி, மாதமாலிங்கம் தென் தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட், இலாமுரி ஆச்சே, மானக்கவாரம் நிக்கோபார், கடாரம் கெடா என்பன பெரிதும் ஏற்கப்பட்ட முடிபுகள். மேவிலிம்பங்கம் போன்றவை இன்றும் வழக்கிற்குரியன.

இவ்வடையாளங்கள் எளிதில் கிட்டியவை அல்ல. கல்வெட்டை முதலில் பதிப்பித்த ஹூல்ட்ஷ் கடாரத்தைப் பர்மாவில் தேடினார். பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேஸ் 1918இல் சீவிசயத்தை ஒரு பேரரசாக இனங்கண்ட பின்னரே வரைபடம் தெளிவு பெற்றது. பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியாரின் ‘சோழர்’ நூல் அதனை நிலைநிறுத்தியது.

இவ்விடத்தில் நாம் ஒரு திறனாய்வு வினாவை எழுப்ப வேண்டியுள்ளது. 13 இடங்களுக்கும் தரப்பட்டுள்ள அடைகளைப் படைத்துறைச் செய்திகளாகக் கொள்ளலாமா? இலங்காசோகம் போரில் கலங்காதது எனப்படுகின்றது. தலைத்தக்கோலம் கலையறிந்தோர் புகழ்வது எனப்படுகின்றது. மானக்கவாரம் தேன் மிக்க சோலைகளையுடையது எனப்படுகின்றது. இவற்றைக்கொண்டு இலங்காசோகத்தார் வீரம் மிக்கவர் என்றும், தக்கோலம் கல்வி நகரம் என்றும் எழுதியோர் உளர். ஆனால், யாப்பை அறிந்த வாசகர்க்கு வேறொன்றும் தோன்றும். ‘கலங்கா’ என்பது ‘இலங்கா’ என்பதனோடும், ‘கலை’ என்பது ‘தலை’ என்பதனோடும், ‘தேன்’ என்பது ‘மான’ என்பதனோடும் எதுகையில் இயைகின்றன. ஊரின் பெயரே அடையைத் தேர்ந்துள்ளது. புலவர் முன் இருந்தது ஒற்றர் தந்த அறிக்கையாக இருக்க வேண்டிய தேவையில்லை. ஊர்ப்பெயர்களின் பட்டியலே போதுமானது.

இதனால் மெய்க்கீர்த்தி முழுவதும் கற்பனை என்பது பெறப்படாது. ஊர்ப்பெயர்கள் புலவரின் புனைவு அல்ல என்பதை அயல்நாட்டுச் சான்றுகள் உறுதிப்படுத்துகின்றன. மாயிருடிங்கத்துக்குக் கடலே அகழி என்னும் அடை அவ்வூர்ப்பெயரோடு எதுகையால் பிணைக்கப்படாதது; அது நிலவியற் செய்தியாக இருத்தல் கூடும். பெயருக்கும் அடைக்கும் இடையே இவ்வாறு வேறுபாடு காண்பதே தமிழ் அறிந்த ஆய்வாளர் வரலாற்றுத் துறைக்குச் செய்யத்தக்க தனிப் பங்களிப்பு ஆகும். யாப்பு அறியாத வரலாற்றாசிரியர் அடையைச் செய்தியாகக் கொள்வர். வரலாறு அறியாத புலவர் செய்தியையும் அடையாகக் கொள்வர்.

வரிசை முறையும் ஆராயத்தக்கது. நாகப்பட்டினத்திலிருந்து கிழக்கே செல்லும் கலங்களுக்கு வழியில் எதிர்ப்படும் நிக்கோபார், பட்டியலில் ஈற்றயலில் நிற்கின்றது. கடாரத்தரசன் பிடிபட்டமை முதலிலும் கடாரம் இறுதியிலும் கூறப்படுகின்றன. ஆகவே, இப்பட்டியலைப் பயணவழியாகக் கொண்டு அம்புக்குறி இட்ட வரைபடங்கள் வரைவது பொருந்தாது. இம்ஜின் போரில் கொனிஷி யுகிநாகாவின் படை எந்நாளில் எவ்வூரில் இருந்தது என்பதைச் சொல்ல இயலுவது போல, சோழப் படையின் ஒரு நாளைக்கூட நாம் சொல்ல இயலாது. கலங்களின் எண்ணிக்கையோ, தலைமை தாங்கியவரின் பெயரோ மெய்க்கீர்த்தியில் இல்லை. பிடிபட்ட அரசன் பின் என்ன ஆனான் என்பதையும் அது உரைக்கவில்லை. திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி, கங்கைப் படையெடுப்பை விரித்துரைத்துவிட்டுக் கடாக வெற்றியை ஒரே பாட்டில் முடித்துவிடுகின்றது.

‘கொண்டான்’ என்னும் சொல்

‘கடாரம் கொண்டான்’ என்னும் சிறப்புப்பெயர் ஆட்சியைக் குறிக்குமா? இதற்கு விடை தேட ஈழத்தை நோக்குதல் தகும். ஈழத்தில் சோழர் தங்கி ஆண்டனர். நாட்டுக்கு மும்முடிச் சோழமண்டலம் என்றும், பொலன்னறுவைக்குச் சனநாதமங்கலம் என்றும் பெயரிட்டனர். அங்குக் கோயில்களும் தமிழ்க் கல்வெட்டுகளும் எழுந்தன. கெடாவில் சோழ அலுவலரின் வரியாவணமோ, மண்டலப் பெயரோ, ஆட்சியாண்டு குறித்த கல்வெட்டோ கிடைத்திலது. 1936–37இல் குவாரிச் வேல்ஸ் தொடங்கிய அகழாய்வுகளும், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2009 முதல் சுங்கை பத்துவில் நடத்திய அகழாய்வுகளும் வழிபாட்டிடங்களையும் இரும்புருக்கு உலைகளையும் வணிகத்தையும் காட்டின. சோழ ஆட்சியைக் காட்டவில்லை. ஆதலால், ‘கொண்டான்’ என்பது செல்வத்தையும் புகழையும் கொண்டமையையே சுட்டும் எனல் பொருந்தும். ஜார்ஜ் ஸ்பென்சர் சோழப் படையெடுப்புகளைக் கொள்ளையின் அரசியலாக விளக்கியது பலர்க்கு உவப்பளிக்கவில்லை. எனினும், மெய்க்கீர்த்தி தானே முன்னிறுத்துவது தோரணமும் கதவும் பெருஞ்செல்வமும் என்பதை மறுத்தல் அரிது.

வணிகப் பின்னணியும் இதற்கு அரண் செய்கின்றது. இராசராசன் காலத்தில் சீவிசய அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் வழங்கப்பட்டதைப் பெரிய லெய்டன் செப்பேடு கூறுகின்றது. இராசேந்திரனின் தொடக்க ஆண்டுகளில் கடாரத்தரசனின் முகவர் நாகப்பட்டினக் கோயிலுக்குச் சீனப் பொன்னை அளித்துள்ளார். 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழத் தூதர் சீனம் சென்றனர். படையெடுப்புக்குப் பின், 1090இல் குலோத்துங்கன் காலத்துச் சிறிய லெய்டன் செப்பேட்டில் கடாரத்தரசனின் தூதர் மீண்டும் நாகப்பட்டின விகாரத்தின் பொருட்டு வேண்டுகோள் விடுக்கின்றனர். 1088இல் சுமாத்திராவின் பாருஸ் அருகே ஐந்நூற்றுவர் தமிழில் கல்வெட்டுப் பொறித்துள்ளனர். நட்பு, போர், மீண்டும் நட்பு என்னும் இச்சங்கிலியில் போர் ஒரு கண்ணியே. சீனத்தோடான கடல்வணிகத்தில் இடைநின்ற ஆற்றலை அடக்குதல் அப்போரின் நோக்கமாயிருந்திருக்கலாம் என்னும் கருத்துக்கு இவை இடமளிக்கின்றன.

தோற்றவர் சொல்

கடாரத்தார் தம் தோல்வியைப் பற்றி எழுதிய ஒரு வரியும் நமக்குக் கிட்டவில்லை. ஈழத்தில் நிலைமை வேறு. சோழர் மடங்களை உடைத்துச் செல்வத்தைக் கவர்ந்தமையையும், ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தமையையும், அவன் சோழநாட்டிலேயே இறந்தமையையும் சூளவம்சம் துயரத்தோடு பதிவு செய்கின்றது. மெய்க்கீர்த்தி முடியையும் ஆரத்தையும் கொண்டதாகப் பெருமிதத்தோடு கூறும் நிகழ்ச்சியே, மறுதரப்பில் வழிபாட்டிடங்களின் அழிவாகப் பேசப்படுகின்றது. இரண்டையும் இணைத்து வாசிக்கும்போது நிகழ்ச்சி உறுதிப்படுகின்றது. அதன் பொருள் இரட்டிக்கின்றது.

மலாய் மரபில் தொலைநினைவு ஒன்று உண்டு. 1612ஆம் ஆண்டோடு தொடர்புபடுத்தப்படும் ‘செஜாரா மெலாயு’ நூலில், இந்திய நிலத்திலிருந்து பெரும்படையோடு வந்த இராஜா சுரான் கங்கா நகரத்தையும் கருங்கற்கோட்டை ஒன்றையும் வென்று தெமாசெக் வரை செல்கிறான். சீனப் பேரரசன், துருவேறிய ஊசிகளையும் பல்லிழந்த முதியோரையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புகிறான். புறப்பட்டபோது இளைஞராய் இருந்தோம், இவ்வூசிகள் இரும்புத் தடிகளாய் இருந்தன என அவர்கள் கூறக்கேட்ட மன்னன், சீனம் அத்துணைத் தொலைவிலுள்ளது என நம்பித் திரும்பிவிடுகிறான். இதனைச் சோழப் படையெடுப்பின் நேரடி வரலாறாகக் கொள்வதற்கில்லை. எனினும், இதன் மனப்பாங்கு கருதத்தக்கது. படையெடுத்தவனின் வழித்தோன்றல்களே மலாய் அரசமரபின் முன்னோராக அந்நூலில் அமைகின்றனர். கொரிய நினைவில் ஹிதெயோஷி பகைவனாகவே நின்றான். மலாய் நினைவில் படையெடுத்தவன் மூதாதையாக உருமாறினான். சான்றுகள் மறைந்த இடத்தில் கதை இவ்வாறு உறவை உண்டாக்கிக்கொண்டது.

புனைகதையும் வகுப்பறையும்

நம் மாணவரின் உள்ளத்தில் கடாரம் பற்றிய காட்சிகள் கல்வெட்டிலிருந்து வந்தவை அல்ல. சாண்டில்யனின் ‘கடல் புறா’ போன்ற வரலாற்றுப் புதினங்களே கடற்போரின் காட்சிகளை வழங்கின. கல்வெட்டு விட்ட இடைவெளியைப் புதினம் நிரப்புவது அதன் உரிமை. அவ்வாறு நிரப்பப்பட்டதைப் பாடநூலுக்குள் கொணர்வதே பிழை. சோழர் கலங்களின் நீளத்தையும் படைவீரர் தொகையையும் அச்சமின்றிச் சொல்லும் மேடைப் பேச்சுகளுக்கு மூலம் தேடின், பெரும்பாலும் புனைகதையையோ அதன் நிழலையோ அடைவோம்.

இதனைச் சுட்டுவது வெறும் ஏட்டுத்திருத்தம் அன்று. இம்மண்ணில் வாழும் தமிழர், படையெடுப்பைப் பாடும் மரபின் வழிவந்தோர் மட்டுமல்லர். படையெடுப்புக்கு ஆளானோரும் ஆவர். 1941 டிசம்பர் 8இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 11ஆம் நாள் ஜார்ஜ் டவுனில் குண்டுகள் வீழ்ந்தன. 19ஆம் நாள் பினாங்கு அப்படையின் கைப்பட்டது. பல்லாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய மலேசியத் தமிழ்ப் புதினங்கள் அத்துயரைத் தோற்றவரின் சொல்லாக நிறுத்துகின்றன. கெய்நென்னின் நாட்குறிப்புக்கும் காங் ஹாங்கின் நூலுக்கும் அருகில் வைத்து எண்ணத்தக்கவை அவை. ஒரே வகுப்பில் முதல் பாடவேளையில் கடார வெற்றியைப் பெருமிதத்தோடும், இரண்டாம் பாடவேளையில் மரண இரயிலைக் கண்ணீரோடும் கற்பிக்கும் ஆசிரியர், இவ்விரண்டையும் இணைக்கும் வினாவை மாணவர்முன் வைக்காது கடந்து செல்லுதல் ஆகாது. கவர்ந்து செல்லப்பட்ட தோரணத்தின்கீழ் நாள்தோறும் நடந்துசென்ற கடாரத்து மக்கள் யாவர் என்பதே அவ்வினா.

பூஜாங் பள்ளத்தாக்கில் சுங்கை பத்துப் பகுதியிலிருந்த 11ஆம் எண் கோயில் எச்சம், நிலமேம்பாட்டுப் பணியின்போது 2013இல் இடிக்கப்பட்டது வெளிப்பட்டபோது நம்மவர் பலர் வருந்தினர். அவ்வருத்தம் உண்மையானது. ஆயினும், அவ்வெச்சங்களைச் சோழர் வெற்றியின் சின்னங்களாக மட்டும் பேசிவந்தமை, அவற்றை இந்நாட்டார் அனைவர்க்கும் பொதுவான தொன்மையாக உணர்த்தும் வாய்ப்பைக் குறைத்தது எனலாம். பழங்கெடா, கடாரம் கொண்டானுக்கு முன்னும் பின்னும் வாழ்ந்த நகரம். இரும்பு உருக்கிய, மணி விற்ற, பல மொழி பேசிய துறைமுகம். அதனை அதன் தோல்வி ஒன்றால் அறிமுகப்படுத்துதல் நீதியாகாது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் மூன்று. முதலாவது, இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பு நிகழ்ந்ததே. ஆனால், அதன் போர்முறையை விரித்துரைக்கும் சான்று இல்லை. இரண்டாவது, மெய்க்கீர்த்தியின் ஊர்ப்பெயர்களுக்கும் எதுகை நோக்கி வந்த அடைகளுக்கும் வேறுபட்ட சான்றுமதிப்பு உண்டு. அதனைப் பிரித்தறியத் தமிழ் யாப்பறிவு இன்றியமையாதது. மூன்றாவது, ‘கொண்டான்’ என்பது ஆண்டமையைக் குறிக்கும் எனக் கொள்ளக் கெடாவில் ஆதாரம் கிட்டவில்லை.

சோழர் கல்வெட்டுகளை எண்ணிக்கை முறையில் பகுத்தாராய்ந்து நமக்குப் புதிய ஒளி தந்த பேராசிரியர் நொபுரு கராஷிமா ஜப்பானியர் என்பதை இவண் நினைத்தல் தகும். அவரும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டின் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்ட பொறுமையை நாம் கைக்கொள்ள வேண்டும். 2009இல் சிங்கப்பூரில் வெளிவந்த ‘நாகப்பட்டினத்திலிருந்து சுவர்ணத்வீபம் வரை’ என்னும் ஆய்வுத் தொகுப்பு அவ்வகை முயற்சிக்கு நல்ல தொடக்கம். தமிழாசிரியர் அதன் முடிபுகளைத் தம் மாணவர்க்கு ஏற்ற தமிழில் தருவாராயின், ஜுருவிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் கற்கும் பிள்ளைகள் தம் ஊருக்கு அருகிலுள்ள பாறை எழுத்திலிருந்தே கடார வரலாற்றைத் தொடங்குவர். அத்தொடக்கத்தில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. கடல் கடந்து வந்த எழுத்தும் அதனை ஏற்றுக்கொண்ட ஒரு பாறையும் உள்ளன.